கறுப்படித்த ஜன்னல்

என் அக்காவைப் பற்றி இந்தத் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வாய் நீளம் என்பார்கள், திமிர் பிடித்தவள் என்பார்கள், கை மட்டும் தங்கம் என்பார்கள். எல்லாமே உண்மைதான். ஒல்லியாக, உயரமாக, எந்நேரமும் ஏணி மேலேயே நிற்பதால் அவளுக்கு ‘ஏணி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. போர்டு எழுதக் கொடுக்க வருகிறவர்கள்கூட, “ஏணி அக்கா இருக்காங்களா?” என்றுதான் கேட்பார்கள். அவளும் மேலே நின்றபடியே, “இருக்கேன், கீழ நின்னு கத்தாதீங்க, கோடு கோணலாப் போகுது” என்பாள். எனக்கு ‘வாலு’ என்று பெயர். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் வீட்டு மாடியில் தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறது. இரண்டு கண்ணாடிக் கதவுகள். ஒன்றில் வெளிச்சம் தாராளமாக வரும். இன்னொன்றின் உட்புறம் முழுக்கக் கறுப்பு. மாடிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும், “இதை ஏன் சுரண்டாம விட்டு வெச்சிருக்கீங்க?” என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இந்த ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், இனி யாரும் கேட்கக் கூடாது.

அப்பாவும் அம்மாவும் போர்டு எழுதுகிறவர்கள். கீழே பட்டறை, மேலே வீடு. அம்மா நிறம் கலப்பாள், அப்பா எழுத்தை எழுதுவார். அக்கா பள்ளிக்கூடப் பையைக் கழற்றி எறிந்த கையோடு பிரஷ்ஷைப் பிடித்துவிடுவாள். நான் டின் மூடிகளை உருட்டி விளையாடுவேன். யாராவது வந்து, கடையில் இல்லாத சரக்கையெல்லாம் போர்டில் எழுதச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். “போர்டுன்னா உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும். இல்லாததைச் சொன்னா அது போர்டு இல்ல, புளுகு” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

எதிர்ப்பக்கத்து சலூனின் முன்கண்ணாடியில் எழுதியது அப்பாவும் அக்காவும்தான். கண்ணாடி வேலை கொஞ்சம் வேறு மாதிரி. வெளியே எழுதினால் மழையும் வெயிலும் தின்றுவிடும் என்பதால் உள்பக்கம்தான் எழுத வேண்டும். அதனால் எழுத்தைத் திருப்பிப் போட்டு, வலது ஓரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். முதலில் எழுத்து. அது காய்ந்ததும் அதன் மேலேயே, கண்ணாடி முழுக்க, பின்னணி நிறம். வேலை முடிந்தால் உள்ளே இருப்பவருக்கு வெறும் நிறம்தான் தெரியும். எழுத்து தெருவுக்குத்தான். சலூன்காரர் அன்றைக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “என்னய்யா அநியாயம், போர்டு என்னோடது, எனக்குத் தெரியறது நீலம் மட்டும்தானா?” என்று கேட்டார். அப்பா சிரித்த சிரிப்பில் பிரஷ் கீழே விழுந்தது. அவர் அப்படிச் சிரித்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு ஒரு நாள், போர்டுகளை ஏற்றிக்கொண்டு போன லாரி கவிழ்ந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் வீடு திரும்பவில்லை. அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, வந்து எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். “எங்க அண்ணன் பிள்ளைங்க எனக்குப் பிள்ளைங்க இல்லையா?” என்று எங்களைக் கட்டிக்கொண்டாள். கூடவே அவள் புருஷன். மாமா பேசினால் பேச்சில் சர்க்கரை வழியும். “கண்ணுங்களா, இனிமே எல்லாம் மாமா பார்த்துக்கறேன்” என்றார். ‘என்றார்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என்றான். அக்காவுக்குப் பதினெட்டு ஆகும்வரை அவர்கள்தான் எங்களுக்குக் காப்பாளர்கள் என்று முடிவானது. பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். ஊரே மாமாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

மாமாவுக்கு ஒரு நேர்க்கோடு போடத் தெரியாது. ஆனால் வருகிற வேலையை எல்லாம் வாங்கினான். காதில் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு பட்டறை வாசலில் நின்று, “நம்ம கைவேலை எப்படி?” என்று போகிறவர் வருகிறவரிடம் கேட்பான். பலகைகளை மாடிக்கு ஏற்றுவான். எழுதுவது அக்கா. முதலில் அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்தினான், அப்புறம் என்னுடையதை. மாடிப்படிக் கதவுக்கு வெளியே ஒரு பூட்டுத் தொங்கியது. ஜன்னல் கதவுகளைத் திறக்க முடியாதபடி ஆணி அடித்தான். தெருவில் யாராவது எங்களைப் பற்றி விசாரித்தால், “ரெண்டு பேரையும் நல்ல ஹாஸ்டல்ல சேர்த்தாச்சு. பிரிஞ்சிருக்க முடியாம நாங்கதான் ஏங்கிப் போறோம்” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வான். நாங்கள் அவன் தலைக்கு மேலே, கூரைக்குக் கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

கத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் நாள் முழுக்க இரும்பு அறுக்கிற மெஷின். படியின் அடியில் அத்தை. முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்: “வாயைத் திறந்தா சின்னவளை இன்னைக்கே எங்கயாவது தள்ளிடுவோம். அப்புறம் நீ அவ முகத்தையே பார்க்க முடியாது.” அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எனக்காகத்தான் எழுதினாள். அது எனக்கு அந்த வயதிலேயே தெரியும். தெரிந்ததால் எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

ஒரு நாள் படிக்கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கீழே மாமா யாரோ ஒரு ஆளிடம் பேசினான். “பெரியவளுக்குக் கை இருக்கு, அவ இங்கயே இருக்கட்டும். சின்னவளுக்கு வாய் மட்டும்தான் இருக்கு. கூட்டிட்டுப் போயிடுங்க. வீட்டு வேலைக்கு ஆகும்.” வேன் வரப் போவதாகவும் பேசிக்கொண்டார்கள். நான் அப்படியே அக்காவிடம் போய் ஒப்பித்தேன். அவள் கையிலிருந்த பிரஷ் நின்றது. பிறகு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். “உன்னை யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது. நான் விட மாட்டேன்” என்றாள். எப்படி விடாமல் இருக்கப் போகிறாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்று மத்தியானம் நான் என் வாலைக் காட்டினேன். மேஜை மேல் ஏறி ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, இரண்டு கையையும் ஆட்டினேன். சலூன்காரர் வாசலில் துண்டை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. பார்த்திருக்கிறார். நேரே தெருவைக் கடந்து வந்து மாமாவிடம் கேட்டிருக்கிறார்: “மாடியில சின்னப் பொண்ணு கை ஆட்டுச்சே?”

“அது துணி காயுதுங்க” என்றானாம் மாமா.

இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. மாமா வந்த புதிதில் சவரம் செய்துகொள்ள சலூனுக்குப் போனான். கழுத்தில் கத்தியை வைத்தபடியே சலூன்காரர், “நாள் பூரா போர்டு எழுதற, உன் விரல்ல ஒரு பொட்டுப் பெயின்ட்கூட இல்லையே, அது எப்படிய்யா?” என்று கேட்டுவிட்டார். அன்றோடு சரி. மாமா தெருவின் அந்தப் பக்கமே மிதிப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் காலையிலேயே மாமா மாடிக்கு வந்தான். கையில் பெயின்ட் டின்.

“ஜன்னல் கண்ணாடி ரெண்டுக்கும் கறுப்பு அடிச்சிடும்மா. வெயில் ரொம்ப வருது, உங்களுக்குத்தான் கஷ்டம்.”

அக்கா ஜன்னலையே பார்த்தாள். எதிரே சலூன் பூட்டியிருந்தது, அன்று அவருக்கு விடுமுறை. கண்ணாடியில் நீலத்தின் மேல் அப்பாவின் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. பிறகு என்றைக்கும் இல்லாத பணிவோடு சொன்னாள்.

“வெயில் படற கண்ணாடி மாமா, வெறும் கறுப்பு அடிச்சா உரிஞ்சிடும். முதல்ல அங்கங்க வெள்ளை போட்டு, அது காஞ்ச பிறகு மேல கறுப்பு போகணும். உங்களுக்குத் தெரியாததா?”

அங்கேதான் விழுந்தான். ஊர் முழுக்கத் தொழில்காரன் என்று காதில் பூச்சுற்றித் திரிகிறவன், ‘தெரியாது’ என்று ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வான்?

“தெரியாம என்ன? நான் எப்பவும் அப்படித்தானே அடிக்கறேன்” என்றான். வெள்ளை டின்னையும் அவனே தூக்கிவந்து கொடுத்தான். போர்டு எழுதுகிறவளைக் கூப்பிட்டு, தெருவைப் பார்த்த கண்ணாடியையும் கொடுத்து, பெயின்ட்டையும் கையில் கொடுத்துவிட்டுப் போனான் அந்த அறிவாளி.

அவன் இறங்கியதும் அக்கா என் காதில் விஷயத்தைச் சொன்னாள்.

“காப்பாத்துங்கன்னு எழுதுக்கா! பெருசா எழுது!”

“மாட்டேன்.”

“ஏன்?”

“நம்ம வீட்டுல உட்கார்ந்துட்டு நாம ஏன் கெஞ்சணும்? அப்பா என்ன சொல்லுவாரு? உள்ள என்ன இருக்கோ அதைச் சொன்னா போதும்.”

எழுதினாள். தெருவிலிருந்து பார்த்தால் முதலில் வருகிற கதவில் ‘நாங்கள் ஹாஸ்டலில் இல்லை’. அடுத்ததில் ‘நாங்கள் இங்கே இருக்கிறோம்’. எல்லாம் திருப்பிப் போட்ட எழுத்து. எனக்குச் சுழியும் கொம்புமாக, ஒன்றும் புரியாமல்தான் தெரிந்தது. முதல் கதவு சீக்கிரமே காய்ந்தது. மேலே கறுப்பைப் பூசினாள். எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. இரண்டாவது கதவில் வெள்ளை ஈரமாக இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அத்தை வந்து நின்றாள். இடுப்பில் சாவிக்கொத்து, காலில் புதுச்செருப்பு. ஜன்னலைப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

“என்னடி இது, வெள்ளை அடிக்கச் சொன்னா சுழிச்சு சுழிச்சு வெச்சிருக்க?”

“அப்பதான் மேல அடிக்கற பெயின்ட் பிடிக்கும் அத்தை” என்றாள் அக்கா. அவள் குரல் ஆடாமல் இருந்தது.

அத்தை இன்னொரு பக்கமாகத் தலையைச் சாய்த்தாள். அவள் உதடு அசைய ஆரம்பித்தது. வலது ஓரத்து எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. நான் யோசிக்கவே இல்லை. கறுப்பு டின்னைத் தூக்கி அவள் காலில் கவிழ்த்தேன்.

“ஐயோ, என் செருப்பு!”

விட்டாள் ஒரு அறை. காதுக்குள் இரும்பு அறுக்கிற மெஷின் ஓடியது. வலித்தது, ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். “வாலு, வாலு! உன்னை நாளைக்கே அனுப்பறேன் பாரு!” என்று கத்தியபடி, படியெல்லாம் கறுப்புக் கால்தடம் பதித்துக்கொண்டு அவள் மண்ணெண்ணெய் தேடிப் போனாள். காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு அவள் திரும்பி வருவதற்குள், அக்கா ஒரு பலகையால் விசிறி வெள்ளையைக் காய வைத்துவிட்டாள். டின்னின் அடியில் மிச்சமிருந்த கறுப்பை வழித்து வழித்துப் பூசியும் விட்டாள். மாலையில் மாமா வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். “சுத்தமான வேலை. இனிமே ஒரு பய எட்டிப் பார்க்க முடியாது” என்றான். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்க நான் என் கையையே கடித்துக்கொண்டேன்.

ஆனால் சிரிப்பெல்லாம் கொஞ்ச நேரம்தான். கறுப்படித்த ஜன்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே யாராவது படித்தார்களா என்று எங்களால் எப்படிப் பார்க்க முடியும்? மாமாவே பார்த்துவிட்டால்? பட்டறை வாசலுக்கு மேலே தகரக் கூரை நீட்டிக்கொண்டிருந்ததால், எங்கள் பக்கம் நின்றால் ஜன்னல் தெரியாது. தெருவைக் கடந்தால்தான் தெரியும். அவன் கடக்க மாட்டான். அவனுடைய ரோஷத்தைத்தான் நாங்கள் மலைபோல் நம்பியிருந்தோம். எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் அன்றைக்கே படித்துவிட்டார்களாம், பிற்பாடு தெரிந்தது. ஏதோ புதுசாக வந்த தங்கும் விடுதியின் விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்களாம். என்ன சொல்வது அவர்களை!

மறுநாள் காலை வேன் வந்தது. ஹாரன் சத்தம் கேட்டதுமே அக்கா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாமாவும் அத்தையும் சேர்ந்து ஏறி வந்தார்கள். அத்தை அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நான் மாமாவின் கையைக் கடித்தேன். அவன் என் மணிக்கட்டை முறுக்கி இழுத்துக்கொண்டு இறங்கினான். பின்னால் கதவு சாத்தி, பூட்டு விழுந்தது. “அவளை விடுடா!” என்று அக்கா கதவை உதைத்தாள். அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மாமா பட்டறைக் கதவைத் திறந்தான். வெளிச்சத்தில் கண் கூசியது. கண் பழகியதும் பார்த்தேன், வாசல் நிறைய ஜனம். நடுவில் சலூன்காரர், கையில் சோப்பு நுரை வழிகிற பிரஷ்ஷோடு. பக்கத்தில் பாதி முகம் மட்டும் சவரம் செய்த ஒருவர், கழுத்தில் துண்டோடு. பஸ் நிறுத்தத்திலிருந்து நாலைந்து பேர். காலையில் கடையைத் திறந்த சலூன்காரர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். வரியின் கடைசி எழுத்தின் வாலை ஒரு இழுப்பு இழுத்து விடுவது எங்கள் அப்பாவின் பழக்கம், அக்காவுக்கும் அது ஒட்டிக்கொண்டது. அதே வால் சலூன்காரரின் கடைக் கண்ணாடியிலும் இருக்கிறது. போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்துவிட்டார்.

“பாப்பாவை எங்க கூட்டிட்டுப் போற?”

“ஹாஸ்டலுக்குத்தாங்க. லீவு முடிஞ்சுது” என்றான் மாமா, சர்க்கரையாக.

“லீவுல வந்த பிள்ளையா இது? வெயிலே படாம வெளுத்துப் போயிருக்கு” என்றாள் கூடையோடு நின்ற ஒரு அம்மாள்.

“இது எங்க குடும்ப விஷயம். நீங்க யாரு கேட்க?”

“குடும்ப விஷயத்தை ஏன்யா மாடியில போர்டு எழுதி ஊருக்கே காட்டற?”

“எந்த போர்டு?”

“என் கடை வாசல்ல நின்னு பாரு, தெரியும். நீதான் அந்தப் பக்கம் வரவே மாட்டேங்கறியே!”

யாரோ சிரித்தார்கள். மாமா என் கையை விடாமலே தெருவைக் கடந்தான். அதனால் நானும் கடந்தேன். சலூன் வாசலில் நின்று இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம்.

அம்மாடி, எவ்வளவு பெரிய எழுத்து! கறுப்புக்கு மேல் வெள்ளை, எதுவும் கலங்கவில்லை, எதுவும் வழியவில்லை. உள்ளே ஒன்றும் புரியாமல் கிடந்ததெல்லாம் வெளியே இப்படி நிமிர்ந்து நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு வந்த தைரியத்தில் சத்தமாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். “நாங்-கள்… ஹாஸ்-ட-லில்… இல்-லை.” கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. மேலே கதவு உதைபடுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. “நாங்-கள்… இங்-கே… இருக்-கி-றோம்.” படித்து முடித்தபோது என் மணிக்கட்டில் அவன் பிடி இல்லை. பேயறைந்த மாதிரி நின்றான். அவன் முகத்தில் கரியைப் பூசக் கறுப்பை அவனே வாங்கிக் கொடுத்திருந்தான்.

வேன்காரன் வண்டியைப் பின்னாலேயே ஓட்டித் தப்பித்தான். பாதி முகம் சவரம் செய்தவர்தான் பூட்டை உடைத்தது. நல்ல பலசாலி. அக்கா தடதடவென்று இறங்கி ஓடி வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

“‘ஹா’ கொஞ்சம் சாஞ்சிருச்சு” என்றாள்.

“அடிப் பாவி, இப்ப இது ரொம்ப முக்கியம்!” என்று சலூன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் அவள் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்பாவும் அம்மாவும் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

போலீஸ் வந்து மாமாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனது. குழந்தைகள் நல அதிகாரி அம்மா ஒருவர் வந்து அன்பாகத்தான் பேசினார். பெரியவளை ஓர் இடத்திலும் சின்னவளை ஓர் இடத்திலும் பாதுகாப்பாக வைக்கலாம் என்றார். அக்கா ஜன்னலைக் காட்டினாள். “நாங்கள்னு எழுதியிருக்கேன் மேடம், நான்னு எழுதல. பிரிக்கறதா இருந்தா அதை நீங்களே ஏறி அழிச்சிட்டுப் பிரிங்க.” அந்த அம்மா நிமிர்ந்து படித்துவிட்டு, கையிலிருந்த ஃபைலை மூடினார். அக்காவுக்குப் பதினெட்டு வயதாகும்வரை சலூன்காரரும் அவர் மனைவியும் எங்களுக்குப் பொறுப்பேற்றார்கள். நாங்கள் எங்கள் வீட்டிலேயேதான் இருந்தோம். பூட்டை இந்த முறை உள்பக்கம் மாட்டினோம்.

நான் பள்ளிக்கூடப் பாடம் படிக்க வெளிச்சம் வேண்டும், வேலைக்கும் வெளிச்சம் வேண்டும் என்று அக்கா ஒரு கதவைச் சுரண்டிவிட்டாள். ஹாஸ்டல் வரி போனது. இன்னொரு கதவு அப்படியே இருக்கிறது. நான் இப்போது பஸ் ஓட்டுகிறேன். எங்கள் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தும்போது தினமும் ஒரு தடவை நிமிர்ந்து படித்துவிட்டுத்தான் கியரைப் போடுவேன்.

போன மழைக்காலத்தில் அத்தை வந்தாள். மாமா எப்போதோ அவளையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். கிழவியாகிவிட்டாள். அக்கா அவளை உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

“அந்தக் கண்ணாடியை அழிச்சிடேன்டி” என்றாள் அத்தை. “போறவன் வர்றவன் எல்லாம் படிக்கறான். நான் இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?”

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினாள்.

“அதுல உங்களைப் பத்தி ஒரு எழுத்துகூட இல்ல அத்தை. உள்ள யாரு இருக்காங்கன்னு எழுதியிருக்கு. நாங்க இன்னும் உள்ளதான் இருக்கோம்.”

அத்தை போன பிறகு, மழை ஈரத்தில் ஓரம் எங்காவது உரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அக்கா என்னை எதிர்ப்பக்கம் அனுப்பினாள். சலூன் வாசலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திச் சொன்னேன்.

“ஒண்ணும் உரியலக்கா! அப்படியேதான் இருக்கு!”